பழைய ஃப்ளெக்ஸும் உடைந்த குடையும்: சைக்கிள் பயணத்துக்கான பைகளை நாமே தைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலிருந்து சைக்கிளில் கிளம்பி நான்கு நாள், பத்து நாள் என்று ஊர் சுற்றுவது என் வழக்கம். வண்டியில் தொங்கும் பைகள் எல்லாம் நானே தைத்தவை. கழற்றிப்போட்ட ஃப்ளெக்ஸ் பேனர், உடைந்த குடை, காரின் பழைய சீட் பெல்ட், பஞ்சர் ஒட்டி ஒட்டி ஓய்ந்துபோன டியூப் இவைதான் சரக்கு. டீக்கடையில் நிறுத்தினால் யாராவது பையைத் தொட்டுப் பார்த்து ஏதாவது கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தையலே தெரியாது. என்னால் முடியுமா?

முடியும். ஜாக்கெட் தைப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சுலபம். அங்கே கைக்குழி, கழுத்து வளைவு, உடம்பின் அளவு என்று ஆயிரம் நுணுக்கம். பயணப் பை என்பது பெட்டி. நேர்க்கோட்டில் தைக்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பழைய போர்வையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டிப் பழகுங்கள். இரண்டு மாலை போதும்.

நான் பழகியது அம்மாவின் உஷா மிதி மெஷினில். இப்போதும் அதில்தான் தைக்கிறேன். கனமான பொருளுக்கு மிதி மெஷின் நல்லது. மோட்டார் வைத்த சின்ன மெஷின் திணறும் இடத்தில், இதில் சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாக இறக்கலாம்.

முதல் வேலையாகப் பெரிய பையைத் தொடாதீர்கள். பழைய ஜீன்ஸின் கால் ஏற்கெனவே குழாய் வடிவில்தான் இருக்கிறது. 40 சென்டிமீட்டருக்கு வெட்டி, அடிப்பக்கம் இரண்டு தையல் போட்டு, மேலே ஒரு நாடா வைத்தால் ஸ்பேனர், டியூப், பம்ப் போட்டுக்கொள்ள பை தயார். அந்த ஒரு பையில் மடிப்பு, முடிச்சு, திருப்பித் தைப்பது எல்லாம் கைக்கு வந்துவிடும்.

மெஷினே இல்லையென்றால்?

கோணி ஊசியும் தடித்த நூலும் இருந்தால் கையால் தைக்கலாம். நேரம் ஆகும், ஆனால் உறுதியில் மெஷினுக்குக் குறையாது. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டையும் விட்டு இழுங்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் எதிர்ப்பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். ஓட்டைகள் சீராக விழ, முள்கரண்டியை அழுத்திப் புள்ளி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

இன்னொரு வழி, பைக் சீட் கவர் தைக்கும் கடை. அவர்களிடம் ரெக்சின் தைக்கிற கனமான மெஷின் இருக்கும். வெட்டி, மடித்து, கோடு போட்டுக் கொண்டுபோனால் ஓரிரு தையலை ஓட்டித் தருவார்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஐந்தாறு மடிப்பு சேரும் தடித்த மூலைகளைச் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அவர் குத்தூசி இறங்காத பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை.

எந்தப் பழைய பொருள் எதற்கு உதவும்?

ஃப்ளெக்ஸ்: உள்ளே பாலியஸ்டர் வலை, அதன் இரண்டு பக்கமும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் பூச்சு. தண்ணீர் விடாது, விறைப்பாக நிற்கும், ஓரம் பிரியாது. கேரியரின் இரண்டு புறமும் தொங்கும் பக்கப் பைக்கு இதைத்தான் எடுப்பேன். மெல்லியது, தடித்தது என்று பல வகை உண்டு. சதுர மீட்டருக்கு 340 கிராம் அளவில் உள்ளது தைக்கச் சுலபம். அதைவிடத் தடித்தது உறுதிதான், ஆனால் வீட்டு மெஷின் நான்கு மடிப்பில் நின்றுவிடும். வாங்கும்போது நன்றாக மடித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெயிலில் ஒரு வருடம் தொங்கிய பேனர் மடிப்பிலேயே வெடிக்கும். அதைத் தைத்துப் பயனில்லை.

குடைத் துணி: எடை குறைவு, காற்றும் தண்ணீரும் அவ்வளவாகப் புகாது, மடித்தால் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கும். சாதாரண எட்டுக் கம்பிக் குடையில் எட்டு முக்கோணம் இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு முக்கோணங்களைத் தலைகீழாகச் சேர்த்தால் சாய்ந்த செவ்வகம் கிடைக்கும். துணிமணி, அரிசி பருப்பு, மருந்து என்று பிரித்துப் போடும் உள்பைகள் எல்லாம் என்னிடம் குடைத் துணிதான். கத்தரியால் கிழிக்காமல் கம்பியோடு கட்டியிருக்கும் நூலைப் பொறுமையாக அறுத்து எடுங்கள். பிரிக்காத முழுக் குடைத் துணியின் ஓரத்தில் டியூப் வளையம் கோத்தால் இரவில் சீட்டையும் ஹேண்டில்பார் பையையும் மூடிவைக்க உறை ஆகிவிடும்.

சீட் பெல்ட்: கிட்டத்தட்ட இரண்டு அங்குல அகலத்தில் கெட்டியான பாலியஸ்டர் பட்டை. மனிதரைத் தாங்கப் பின்னியது, பத்துக் கிலோ பை அதற்குப் பெரிதில்லை. பழைய கார் உடைக்கும் கடைகளில் கேளுங்கள். கோவையில் உக்கடம், சென்னையில் புதுப்பேட்டை.

சைக்கிள் டியூப்: குறுக்கே வெட்டினால் ரப்பர் பேண்டு, நெடுக்கே வெட்டினால் பட்டை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியெல்லாம் அப்பும்.

சன்பேக் ஷீட்: விளம்பரப் பலகைக்குப் பயன்படும், உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. பையின் முதுகுக்கு ஏற்றது.

பழைய பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை: இவற்றைப் புதையல் என்றுதான் சொல்வேன். துணி கிழிந்திருந்தாலும் கிளிப், ஜிப், நைலான் நாடா, தோள்பட்டைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒன்றைப் பிரித்தால் இரண்டு புதுப் பைக்கு வேண்டிய சில்லறைச் சாமான் கிடைத்துவிடும். பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கம்பெனிக்காரர்கள் எங்கே இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள், எங்கே நாடாவை உள்ளே விட்டு மடித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நான் தையல் படித்தது பாதி அப்படித்தான்.

அரிசி மூட்டைச் சாக்கு: எடை மிகக் குறைவு, சும்மா கிடைக்கும். ஆனால் வெயில் பட்டால் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். உள்பக்கத்தில் மட்டும் போடுங்கள்.

தெருவில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளலாமா?

கேட்காமல் எடுக்கக் கூடாது. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் கட்டியவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையிலும் தப்பாக அச்சான துண்டுகள் இருக்கும். அவை வெயிலே படாதவை என்பதால் நீண்ட நாள் உழைக்கும். 6க்கு 4 அடி துண்டு ஒன்று கிடைத்தால் ஒரு ஜோடி பக்கப் பை தைத்து மிச்சமும் இருக்கும்.

கண்ணீர் அஞ்சலி பேனர்களை நான் கத்தரிப்பதில்லை. ஒருமுறை ஒரு வீட்டில் அவர்களாகவே கொடுத்தார்கள். படம் இருந்த பகுதியை முழுதாக வெட்டிச் சுருட்டி, திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதிலிருந்து முகம் உள்ள எதையும் முதலில் தனியாக எடுத்துவைத்துவிடுகிறேன். கட்சிக்கொடி, தலைவர் படம் வெளியே தெரியும்படியும் தைக்காதீர்கள். ஊர் ஊராகப் போகிற வண்டி, தேவையில்லாத பேச்சு வரும். எழுத்தும் பூ வேலைப்பாடும் உள்ள பகுதியே அழகாக இருக்கும்.

அச்சுப் பக்கம் உள்ளேயா, வெளியேயா என்றும் கேட்பார்கள். வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் ஈரத் துணியில் சாயம் ஒட்டும்.

நீல நிறத் தார்பாலின் சுலபமாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். என் முதல் பை அதில்தான் தைத்தேன். ஒரு கோடை தாங்கியது. அப்புறம் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருந்த நார் மட்டும் மிஞ்சியது. லாரிக்குப் போடும் பிவிசி தார்ப்பாயின் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், அது வேறு சரக்கு. ஆனால் அதைத் தைக்கக் கனமான மெஷின் வேண்டும்.

எந்த ஊசி, எந்த நூல்?

ஃப்ளெக்ஸுக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி. குடைத் துணிக்கு 11 போதும், பெரிய ஊசி போட்டால் ஓட்டை நிரந்தரமாக நிற்கும். நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் மழையில் நனைந்து, ஈரத்திலேயே கிடந்து, மக்கிவிடும். பார்க்கத் தையல் அப்படியே இருக்கும், இழுத்தால் பிரிந்து வரும். நைலான் நூல் உறுதியானது, ஆனால் வெயிலில் பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது. தென் மாவட்டத்துச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் வெயிலைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

தையலின் நீளம் 4 மில்லிமீட்டர். இது முக்கியம். சட்டைக்குப் போடுவதுபோல் நெருக்கித் தைத்தால் ஃப்ளெக்ஸில் அஞ்சல்தலை ஓரம்போல வரிசையாக ஓட்டை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். நெருங்கிய தையல் உறுதி என்று நினைப்பது துணிக்குச் சரி, இங்கே தலைகீழ்.

ஃப்ளெக்ஸ் மெஷினில் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறதே?

துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அடியில் செல்லோ டேப் ஒட்டுங்கள், ஊசி இறங்கும் இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். அப்படியும் ஒட்டினால் தையல் வரும் வழியில் முகப்பவுடர் தூவலாம், அல்லது மேலே செய்தித்தாள் துண்டு வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு அப்புறம் காகிதத்தைக் கிழித்து எடுக்கலாம். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும்.

பக்கப் பைக்கு என்ன அளவு?

பானியர் என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் பக்கப் பைக்கு என் அளவு இது: அகலம் 30, உயரம் 40, கனம் 17 சென்டிமீட்டர். 20 லிட்டர் கொள்ளும். வாயைச் சுருட்டி மூட உயரத்தில் இன்னும் 20 சென்டிமீட்டர் விடுங்கள். தையலுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு பைக்கு முக்கால் சதுர மீட்டருக்குள் ஃப்ளெக்ஸ் ஆகும்.

வெட்டும் முறையில் ஒரு யோசனை. முன்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம் மூன்றையும் ஒரே நீளத் துண்டாக வெட்டி மடியுங்கள். பக்கவாட்டுத் துண்டுகளை மட்டும் இரண்டு புறமும் சேர்த்துத் தைத்தால் போதும். தண்ணீர் தேங்கும் அடிப்பக்கத்தின் நடுவில் தையலே இருக்காது.

வெட்டுவதற்கு முன் வண்டியில் அளந்து பாருங்கள். பெடலைப் பின்னால் கொண்டுவந்து, செருப்பு போட்ட காலை வைத்து, குதிகால் எங்கே வருகிறது என்று கேரியரில் குறியுங்கள். அதிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டுத்தான் பை தொடங்க வேண்டும். பழைய கருப்பு சைக்கிள்களில் இடம் தாராளம். கியர் வண்டிகளில் பின்சக்கரம் முன்னால் நெருங்கியிருப்பதால் பையின் முன்பக்கக் கீழ்மூலையைச் சரிவாக வெட்ட வேண்டியிருக்கும்.

கேரியரில் எப்படி மாட்டுவது? விழுந்துவிடாதா?

எல்லாரும் துணியைப் பற்றிக் கேட்கிறார்கள், நான் பேச விரும்புவது இதைத்தான். என் பைகள் இதுவரை எத்தனையோ இடத்தில் பழுதாகியிருக்கின்றன. ஒருமுறைகூட நடுத்துணி தானாகக் கிழிந்ததில்லை. கொக்கி பிடுங்கும், நாடா தைத்த இடம் பிரியும், மூலை தேயும். பை தொங்கும் இடத்தில்தான் பையின் ஆயுள் இருக்கிறது. ஆகவே உழைப்பில் பாதியை அங்கே செலவழியுங்கள்.

என் இரண்டாவது ஜோடியில் சீட் பெல்ட்டை மேலே நான்கு விரல் நீளத்துக்கு ஃப்ளெக்ஸோடு சேர்த்துத் தைத்து, அதில் கொக்கி மாட்டினேன். பல்லடம் தாண்டுவதற்குள் தையல் கோட்டிலேயே ஃப்ளெக்ஸ் விட்டுக்கொடுத்துவிட்டது. எடை முழுவதும் நாலு விரல் தையலில் தொங்கினால் வேறென்ன ஆகும்? அடுத்த முறை பெல்ட்டை முதுகில் மேலிருந்து கீழே இறக்கி, அடிப்பக்கம் சுற்றி, முன்பக்கம் பாதி உயரம் வரை ஏற்றித் தைத்தேன். ஒரு பைக்கு இப்படி இரண்டு பெல்ட். குழந்தை தூளியில் கிடப்பதுபோல் சாமான் பெல்ட்டில் கிடக்கிறது. ஃப்ளெக்ஸ் வெறும் உறை, சுமை அதன் மேல் இல்லை. அந்த ஜோடிதான் இன்றும் வண்டியில் இருக்கிறது. பெல்ட் முடியும் இடத்தில் சதுரம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தையுங்கள்.

முதுகுப் பலகைக்கு சன்பேக் ஷீட் இரண்டு. ஒன்றின் குழல் நெடுக்கே, மற்றதன் குழல் குறுக்கே இருக்கும்படி வைத்தால் எந்தப் பக்கமும் வளையாது. பலகையைப் பைக்கு உள்ளே வைத்து, பெல்ட், ஃப்ளெக்ஸ், பலகை மூன்றையும் சேர்த்துத் துளைத்துக் கொக்கியை போல்ட் போட்டு முடுக்குங்கள். போல்ட்டின் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் கட்டாயம். நட்டு, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாக இருக்கட்டும், சாதாரண நட்டு சாலையின் அதிர்வில் கழன்றுவிடும்.

கொக்கிக்கு ஹார்டுவேர் கடையில் 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள அலுமினியப் பட்டை வாங்கி, கேரியர் கம்பியின் பருமனுள்ள இரும்புக் கம்பியின் மேல் வைத்து மெதுவாகத் தட்டி வளையுங்கள். சட்டென்று கூர்மையாக மடித்தால் அலுமினியம் வெடிக்கும். உள்வளைவில் டியூப் துண்டு ஒட்டினால் கேரியரின் பெயின்டும் போகாது, கடகடவென்ற சத்தமும் இருக்காது.

அடுத்தது, பையின் அடிப்பக்கத்தைக் கேரியரோடு பிடித்துவைக்கும் கீழ்ப்பிடி. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்குகையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் கீழே பிடித்திருந்த டியூப் வளையம் துள்ளிக் கழன்று, பை உள்ளே சாய்ந்து ஸ்போக்ஸில் சிக்கியது. வளைவுக்காக வேகத்தைக் குறைத்திருந்ததால் இரண்டு ஸ்போக்ஸ் உடைந்ததோடு போயிற்று. நேர்ச் சாலையாக இருந்திருந்தால் நான் விழுந்திருப்பேன். அன்றிலிருந்து கீழே இரண்டு பிடி: டியூப் வளையம் ஒன்று, கிளிப் வைத்த நாடா ஒன்று. மேலே கொக்கிகளுக்கு நடுவிலும் ஒரு நாடா கேரியரைச் சுற்றி வந்து பூட்டும். நாடாவின் தொங்கும் முனை எதுவும் சக்கரத்தை எட்டும் நீளத்தில் இருக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பையிலும் 5 கிலோ அரிசி போட்டு, உங்கள் ஊரிலேயே மோசமான சாலை எதுவோ அதில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரிவதெல்லாம் அங்கேயே பிரியட்டும்.

என்னிடம் இருப்பது பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள். இதில் முடியுமா?

தாராளமாக. கேரியர் உறுதியான வண்டி, கொக்கி வேலையும் வேண்டாம். இரண்டு பைகளை அகலமான துணியால் இணைத்துக் கேரியரின் மேல் போட்டுத் தொங்கவிடுங்கள். பால்காரர்களும் துணி வியாபாரிகளும் இப்படி இரட்டைப் பையில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருப்பார்கள்! இணைக்கும் துணி கேரியரின் விளிம்பில் உரசும், அங்கே ரெக்சின் துண்டு ஒன்று இரட்டையாகத் தையுங்கள். கீழ்ப்பிடி மட்டும் மேலே சொன்னபடி.

ஃப்ரேமின் நடுவில் மாட்டும் பை?

அட்டைப்பெட்டியை ஃப்ரேம் முக்கோணத்துக்குள் பொருந்துமாறு வெட்டி, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் அதுவே அளவுப்படம். கனம் 6 சென்டிமீட்டருக்கு மேல் போகவேண்டாம், முழங்கால் உரசும். முழுக்கத் திணித்தால் பை பிதுங்கி ஜிப்பைத்தான் முதலில் பிளக்கும். அதனால் நடுவில் சின்னத் தடுப்பு ஒன்று தைத்து இரண்டு பக்கத்தையும் பிடித்துவையுங்கள். தண்ணீர், கருவிகள், பூட்டு போன்ற கனமான சாமானுக்கு வண்டியில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜிப் அடிக்கடி போகிறதே?

பழைய டிராலி சூட்கேஸின் ஜிப்பை எடுங்கள், அது 8 அல்லது 10 நம்பர் நைலான் ஜிப்பாக இருக்கும். பேண்ட் ஜிப் போட்டால் ஒரு பயணம்கூடத் தாங்காது. பல் சேராமல் போனால் ஜிப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஜிப்பில் முன்னும் பின்னும் இழுக்கும் ரன்னர்தான் விரிந்திருக்கும். பிளையரால் இரண்டு ஓரத்தையும் லேசாக அழுத்தினால் சரியாகிவிடும். கடற்கரைப் பயணம் போனால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் மெழுகு தேயுங்கள். தனுஷ்கோடியில் இரண்டு நாள் உப்புக் காற்றில் நின்ற என் பையின் ரன்னர், ராமநாதபுரம் வருவதற்குள் இறுகிவிட்டது. நகர்த்தவே முடியவில்லை.

மழையில் நனையாதா?

ஃப்ளெக்ஸ் நனையாது, ஆனால் தையலின் ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல்தான். வாயை மூன்று முறை சுருட்டி கிளிப் போட்டால் மேலிருந்து வராது. பக்கத் தையல்களின் மேல் ஐந்து சென்டிமீட்டர் ஃப்ளெக்ஸ் பட்டையை, ஃப்ளெக்ஸ் கடையில் துண்டுகளை இணைக்கும் பசையால் ஒட்டிவிடுங்கள். பஞ்சர் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது, சில நாளில் உரிந்துவரும். இதையெல்லாம் செய்தபின்னும் புது மெத்தையைச் சுற்றி வரும் தடித்த பாலிதீனில் உள்ளுறை ஒன்று போட்டுக்கொள்வேன். ஜூலை மாதத்தில் வால்பாறைப் பக்கம் போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டென்ட், படுக்கையும் தைக்கலாமா?

டென்ட்டை முதலில் தைக்காதீர்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் இரவுக்குக் கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க், பள்ளித் திண்ணை என்று அனுமதி கேட்டால் இடம் கிடைக்கிறது. தேவைப்படுவது கொசுவலை. இரட்டைக் கட்டிலுக்குப் போட்ட பழைய வலையை ஒருவர் படுக்கும் அளவுக்கு வெட்டி, கீழ் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய வேட்டித் துணியை இணைத்துத் தையுங்கள். அதைப் பாய்க்கு அடியில் செருகினால் கொசு புகாது.

படுக்கைக்கு எட்டு முழ வேட்டி. நீளவாக்கில் பாதியாக மடித்தால் ஏறத்தாழ ஆறடி நீளம், நாலடி அகலம். அடிமடிப்பு கால்பக்கம், ஒரு ஓரம் முழுக்கவும் மறு ஓரம் பாதி வரையும் தைத்தால் உறைப்படுக்கை. துவைத்துத் துவைத்து மெல்லிதான வேட்டி உடம்புக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று அதில் படுத்தால்தான் தெரியும். என்னுடையது அப்பாவுடையது. கொடைக்கானல், ஊட்டிக் குளிருக்கு மட்டும் இது போதாது, கம்பளி வேண்டும்.

கடையில் வாங்குவதைவிட மலிவா? எடை?

என் ஜோடிப் பைக்குக் காசு கொடுத்து வாங்கியது நூல், ஊசி, போல்ட், அலுமினியப் பட்டை மட்டும். 300 ரூபாய்க்குள் முடிந்தது. நேரம் இரண்டு வார இறுதி. ஃப்ளெக்ஸ் மட்டும் பைக்கு 250 கிராம் அளவில் வரும், பெல்ட்டும் பலகையும் கொக்கியும் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கும் மேல். எடையில் கடைப் பையோடு பெரிய வித்தியாசம் இல்லை.

பிவிசி கெடுதலான பொருள் இல்லையா?

ஆமாம். அதனால்தான் புதிதாக வாங்காமல், ஏற்கெனவே அடித்துத் தூக்கிப்போட்டதை எடுக்கிறேன். குப்பை மேட்டில் எரியும்போது அது விடும் புகை நுரையீரலுக்கு ஆகாது. நைலான் நாடாவின் முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்குவோம் இல்லையா, அதை ஃப்ளெக்ஸில் செய்யாதீர்கள். அது விடுவது அமில வாயு. உணவுப் பொருளையும் நேரடியாக ஃப்ளெக்ஸில் படும்படி வைக்க வேண்டாம். கத்தரித்த சின்னத் துண்டுகளை எரிக்காமல் சேர்த்துவைத்தால் மூலைகளுக்கு ஒட்டுப்போட ஆகும்.

இப்படித் தைப்பது புது யோசனையா?

இல்லை. ஜெர்மனியின் ஹார்ட்முட் ஆர்ட்லீப் 1981இல் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் ஓட்டியபோது, லாரிச் சாமான் தார்ப்பாய்க்குள் நனையாமல் போவதைப் பார்த்து, அதே பொருளில் தனக்குப் பை தைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அது கம்பெனியாகிவிட்டது. இன்று உலகம் சுற்றும் சைக்கிள்களில் பாதிக்கு அந்தப் பெயர்தான் தொங்குகிறதோ என்று தோன்றும். சூரிச் நகரில் 1993இல் ஃப்ரைடாக் சகோதரர்கள் பழைய லாரித் தார்ப்பாய், சைக்கிள் டியூப், கார் சீட் பெல்ட் மூன்றையும் சேர்த்து, சைக்கிளில் போகிறவர்கள் தோளில் மாட்டும் பை தைத்தார்கள். நம் உக்கடத்தில் கிடைக்கும் அதே சரக்கு.

இரவில் தெரியுமா?

பழைய ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டையைப் பையின் பின்பக்கமும் வெளிப்பக்கமும் தைத்துவிடுங்கள்.

போகிற வழியில் கிழிந்தால்?

சின்ன டப்பாவில் கோணி ஊசி ஒன்று, மெஷின் ஊசி இரண்டு, பாலியஸ்டர் நூல் பத்து மீட்டர், இரண்டு போல்ட் நட்டு. அதோடு உள்ளங்கை அளவில் ஃப்ளெக்ஸ் துண்டு மூன்று, டியூப் துண்டு ஒன்று, கிளிப் ஒன்று. இவ்வளவுதான் கொண்டுபோகிறேன்.

மெஷின் ஊசி எதற்கு என்றால், தையல்கடை இல்லாத ஊரே கிடையாது. ஆனால் அவர்களிடம் தடித்த ஊசி இருக்காது. மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பக்கத் தையல் விட்டுப்போய், வாசலில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன். “இதெல்லாம் என் மெஷின்ல இறங்காது தம்பி” என்றார். 18 நம்பர் ஊசியை எடுத்து நீட்டினேன். மாட்டிப் பார்த்தார், பையை உள்வெளியாகத் திருப்பினார், என் பழைய தையலை விரலால் தடவி, “டென்ஷன் லூசா வச்சுத் தச்சிருக்க” என்றார். உண்மைதான். கீழ்நூல் சுற்றிய பாபினில் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்து இரண்டு வரி ஓட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஊசியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தையல் இன்னும் பிரியவில்லை.